பிட்யூட்டரி சுரப்பியின் செல்களை ஒளியால் அறிவது எப்படி?



வங்கியில் காசாளர் ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழ் காட்டிப் பார்ப்பதை உங்களில் பலர் கவனித்திருப்பீர்கள். சாதாரண வெளிச்சத்தில் நல்ல நோட்டும் கள்ள நோட்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். அந்த விளக்கின் கீழோ நல்ல நோட்டின் எண்களும், தாளில் பதிந்துள்ள மெல்லிய இழைகளும் பளிச்சென்று ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிற பொருள்கள் அவற்றில் இருப்பதே இதற்குக் காரணம்.

இதே தன்மையைக் கொண்டு நம் உடலின் செல்களுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் மருத்துவ ஆய்வாளர்கள் கண்டறிகிறார்கள். தலைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு சுரப்பியின் இரகசியம் இவ்வாறு வெளிச்சத்துக்கு வந்த வரலாற்றை இந்தக் கட்டுரையில் எளிய முறையில் விளக்க முயலுகிறோம்.

சிறிய சுரப்பி, பெரிய பொறுப்பு

மூக்கின் பின்புறம், மூளையின் அடிப்பகுதியில், குதிரைச் சேணம் போன்ற ஓர் எலும்புக் குழியில் பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கிறது. இதை மூளையடிச் சுரப்பி என்றும் சொல்லுவார்கள். இதன் அளவு ஏறக்குறைய ஒரு கொண்டைக்கடலை. எடை சுமார் அரை கிராம். ஆனாலும் குழந்தை வளருவதும், தாய்க்குப் பால் சுரப்பதும், தைராய்டு சுரப்பி வேலை செய்வதும், உடல் நெருக்கடியைத் தாங்குவதும், பிள்ளைப்பேறு உண்டாவதும் இந்தச் சுரப்பி அனுப்பும் செய்திகளைப் பொறுத்தே நடக்கின்றன.

அந்தச் செய்திகளே ஹார்மோன்கள். பிட்யூட்டரியின் ஹார்மோன்கள் எல்லாம் அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலைகள் எனலாம். சிறிய மாலையைப் பெப்டைடு என்றும், மிக நீண்டதைப் புரதம் என்றும் அழைக்கிறோம். பிரசவ நேரத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசினில் 9 மணிகளே உண்டு. சிறுநீரகங்களின்மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்டுகிற ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனில் 39 மணிகள். வளர்ச்சி ஹார்மோனில் 191 மணிகள்.

சுரப்பியின் முன்பகுதியில் முக்கியமாக ஐந்து வகைச் செல்கள் உள்ளன. ஒரு வகை வளர்ச்சி ஹார்மோனையும், இன்னொரு வகை பால் சுரப்புக்கான புரொலாக்டினையும், மூன்றாவது வகை ஏ.சி.டி.எச். ஹார்மோனையும், நான்காவது வகை தைராய்டைத் தூண்டும் ஹார்மோனையும், ஐந்தாவது வகை இனப்பெருக்கத்துக்குரிய எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரண்டு ஹார்மோன்களையும் செய்கின்றன. பின்பகுதியில் ஹார்மோன் செய்யும் செல்கள் இல்லை. மூளையில் தயாராகி நரம்பிழைகள் வழியே இறங்கிவரும் ஆக்ஸிடோசினும் வாஸோபிரஸினும் அங்கே சேமித்து வைக்கப்படுகின்றன.

ஒரே அங்கி அணிந்த பாடகர் குழு

இங்கேதான் ஒரு சிக்கல். முன்பகுதியின் செல்கள் தனித்தனி அறைகளில் வசிக்கவில்லை; பக்கத்தில் பக்கத்தில் கலந்து கிடக்கின்றன. ஆலயத்தில் ஒரே நிற அங்கி அணிந்து நிற்கும் பாடகர் குழுவைத் தூரத்திலிருந்து பார்த்தால், யார் எந்தக் குரலில் பாடுகிறார் என்று சொல்ல முடியுமா? அதைப் போலத்தான் இதுவும்.

பழைய காலத்து மருத்துவர்கள் செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். சில செல்கள் சிவப்புச் சாயத்தையும், சில செல்கள் நீலச் சாயத்தையும் ஏற்றுக்கொண்டன. சில எதையும் ஏற்கவில்லை. ஆகவே சிவப்புச் செல், நீலச் செல், நிறமேறாச் செல் என்று மூன்று பிரிவுகள் உண்டாயின. வளர்ச்சி ஹார்மோன் செல்லும் புரொலாக்டின் செல்லும் சிவப்புப் பிரிவில் சேர்ந்துவிட்டன. ஏ.சி.டி.எச்., தைராய்டு தூண்டி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய அனைத்தும் நீலப் பிரிவில் சேர்ந்துவிட்டன. சாயம் அங்கியின் நிறத்தைச் சொன்னதே தவிர, அணிந்திருப்பவர் பாடும் குரலைச் சொல்லவில்லை.

ஒரு மருத்துவரின் சந்தேகம்

இது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல. அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912-ல் வெளியிட்ட தமது நூலில் ஓர் இளம் பெண்ணின் நோயை விவரித்தார். முகம் பூரண சந்திரனைப் போல் வட்டமாக வீங்கியிருந்தது. வயிறும் முதுகும் பருத்திருந்தன. மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. இத்தகைய நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறும், எலும்பு பலவீனமாகும், தோலில் ஊதா நிறக் கோடுகள் விழும். தகுந்த சிகிச்சை இல்லாத அந்த நாட்களில் பலர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள்.

1932-ல் குஷிங் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார். இந்த நோய்க்குக் காரணம் பிட்யூட்டரியின் நீலச் செல்களில் உண்டாகும் மிகச் சிறிய கட்டி என்றார். அந்த நோய் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் நீலச் செல் எந்தப் பொருளைச் சுரந்து இத்தனை கேட்டையும் செய்கிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. ஏ.சி.டி.எச். ஹார்மோன் 1943-ல்தான் விலங்குகளின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. குஷிங்கோ 1939-லேயே காலமாகிவிட்டார்.

ஒளியைச் சுமக்கும் எதிர்ப்பொருள்

அதே 1939-ம் ஆண்டில் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் ஜெர்மனியின் பெர்லின் நகருக்குச் சென்றிருந்தார். அவருடைய மனத்தில் இருந்தது பிட்யூட்டரி அல்ல, இருதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல். இந்த நோயில் இருதயத் தசையில் தோன்றும் சிறு முடிச்சுகளில் கிருமியின் பொருள் ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என அவர் யோசித்தார்.

நம் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன என்பதை அறிவீர்கள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல், ஒவ்வொரு எதிர்ப்பொருளும் தனக்குரிய அந்நியப் பொருளைத் தேடிப் பற்றிக்கொள்ளும். அந்தச் சாவியின்மேல் ஒரு விளக்கை ஏற்றிவிட்டால், அது பூட்டைத் தேடிப் போய்ப் பற்றிக்கொண்ட இடத்தை நாம் கண்ணால் பார்க்கலாம் அல்லவா? இதுவே கூன்ஸின் எண்ணம்.

அமெரிக்கா திரும்பி, ஹார்வர்டில் வேதியியலாளர்களுடன் சேர்ந்து முயன்றார். முதலில் எதிர்ப்பொருளுடன் இணைத்த பொருள் நீல நிறமாக ஒளிர்ந்தது. 1941-ல் அதைப் பற்றி எழுதினார்கள். ஆனால் திசுக்களுக்கே இயல்பாக ஒரு மங்கலான நீல ஒளி உண்டு. விளக்கின் ஒளியும் வீட்டுச் சுவரின் ஒளியும் ஒரே நிறமானால் விளக்கு எங்கே என்று எப்படி அறிவது? ஆகவே பச்சை நிறமாக ஒளிரும் ஃபுளோரசின் என்ற சாயத்துக்கு மாறினார்கள். 1942-ல் நிமோனியாக் கிருமியின் பொருளைத் திசுவுக்குள் பச்சை ஒளியாகக் காட்டினார்கள். பிறகு யுத்தம் வந்தது. கூன்ஸ் இராணுவ மருத்துவராகச் சென்றார். திரும்பி வந்தபின் முறையைச் செம்மைப்படுத்தி 1950-ல் வெளியிட்டார்.

அடுத்த ஆண்டே, 1951-ல், மார்ஷல் என்ற ஆய்வாளர் இந்த முறையைப் பிட்யூட்டரிக்குப் பயன்படுத்தினார். ஏ.சி.டி.எச். ஹார்மோனைப் பற்றும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, பன்றியின் பிட்யூட்டரித் துண்டுகளின்மேல் இட்டார். ஒளி நீலச் செல்களில் தோன்றியது. குஷிங் சந்தேகித்த அதே செல்கள்! அவர் கருத்தை வெளியிட்டுச் சரியாக 19 ஆண்டுகள் கழிந்திருந்தன. மார்ஷலின் காலத்தில் கிடைத்த ஹார்மோன் இன்றைய அளவுக்குத் தூய்மையானது அல்ல. பின்வந்தவர்கள் தூய பொருளைக் கொண்டு சோதித்து, மனிதப் பிட்யூட்டரியிலும் இதை உறுதிசெய்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

எதிர்ப்பொருளைப் பெற, பெரும்பாலும் முயலுக்குக் குறிப்பிட்ட ஹார்மோனை ஊசியால் செலுத்துவார்கள். ஹார்மோன் மிகச் சிறியதானால் முயலின் உடல் அதைக் கவனிக்காமலே விட்டுவிடும். ஆகையால் 9 மணிகளே உள்ள ஆக்ஸிடோசின் போன்றவற்றை ஒரு பெரிய புரதத்துடன் சேர்த்துக் கொடுப்பார்கள். சில வாரங்களில் முயலின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். 1975-ல் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவரும் ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே முடிவின்றி வளர்க்கும் வழியைக் கண்டார்கள். அதன்பின் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் ஒரே தரமான எதிர்ப்பொருள் கிடைக்கத் தொடங்கியது.

பிட்யூட்டரித் திசுவை ஃபார்மலின் கரைசலில் வைத்துப் பதப்படுத்துவார்கள். பிறகு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு கனமுள்ள மெல்லிய துண்டாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவார்கள். ஃபார்மலின் சில சமயம் ஹார்மோனின் முகத்தை மூடிவிடும். அப்பொழுது ஸ்லைடைத் தகுந்த கரைசலில் சூடாக்கி முகத்தைத் திறப்பார்கள்.

இதன்மேல் முயலின் எதிர்ப்பொருளை இட்டுக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைப்பது வழக்கம். காலையில் நன்றாகக் கழுவுவார்கள். பற்றாத எதிர்ப்பொருள் நீருடன் போய்விடும். தனக்குரிய ஹார்மோனைப் பற்றியது அங்கேயே நிற்கும். பின்னர் இரண்டாவது எதிர்ப்பொருளை இடுவார்கள். இது முயலின் எதிர்ப்பொருளையே தேடிப் பற்றுவது. இதன்மேல்தான் ஒளிரும் சாயம் இருக்கும். ஒரு முதல் எதிர்ப்பொருளைப் பல இரண்டாம் எதிர்ப்பொருள்கள் சூழ்ந்து பற்றுவதால் ஒளி பெருகும். சாயம் வெளிச்சத்தில் மங்கிப்போகும் என்பதால் இந்த வேலையை இருட்டில் செய்கிறார்கள்.

கடைசியாக, ஸ்லைடை ஒளிர்வு நுண்நோக்கியின் கீழ் வைப்பார்கள். விளக்கிலிருந்து நீல ஒளி மட்டும் ஸ்லைடுக்கு வரும்படி ஒரு வடிகட்டி தடுக்கிறது. சாயம் அதை வாங்கிக்கொண்டு பச்சை ஒளியை வெளியிடும். அந்தப் பச்சையை மட்டும் கண்ணுக்கு விடும்படி இன்னொரு வடிகட்டி இருக்கிறது. இருண்ட வானத்தில் நட்சத்திரங்கள் போல் அந்த ஹார்மோன் உள்ள செல்கள் மட்டும் ஒளிருகின்றன. மற்றவை இருளில் நிற்கின்றன.

இரண்டு ஹார்மோன்களை ஒரே ஸ்லைடில் பார்க்க வேண்டுமானால் ஒன்றுக்குப் பச்சை, மற்றதற்குச் சிவப்பு என்று வேறு சாயங்களைப் பயன்படுத்தலாம். இவ்வாறு பார்த்தபோதுதான், எல்.எச். ஹார்மோனும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனும் பல செல்களில் ஒன்றாகவே தங்கியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. வளர்ச்சி ஹார்மோனையும் புரொலாக்டினையும் சேர்த்துச் செய்யும் செல்களும் உண்டு. ஒரு செல்லுக்கு ஒரு ஹார்மோன் என்ற பழைய எண்ணத்தை இந்த இரட்டை நிறங்கள் திருத்தின.

ஒளிர்வதெல்லாம் ஹார்மோன் அல்ல

நண்பர்களே, இந்த முறையின் அழகில் மயங்கி ஏமாந்துபோகவும் கூடும். ஆகவே நல்ல ஆய்வாளர் தாம் கண்ட ஒளியைத் தாமே முதலில் சந்தேகிப்பார்.

முதலாவது, திசு தானாகவே ஒளிரலாம். வயது ஏற ஏறச் செல்களில் சேரும் ஒருவகை மஞ்சள்பழுப்புக் கழிவுப் பொருளும், இரத்தச் சிவப்பணுக்களும் எதிர்ப்பொருள் இல்லாமலே மின்னக்கூடும். இதை அறிய, முதல் எதிர்ப்பொருளை இடாமல் மற்ற எல்லாவற்றையும் செய்த ஒரு ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதிலும் ஒளி தெரிந்தால் அந்த ஒளியை நம்பக்கூடாது.

இரண்டாவது, சாவி வேறொரு பூட்டிலும் நுழைந்துவிடலாம். தைராய்டு தூண்டி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். மூன்றும் இரண்டிரண்டு சங்கிலிகளால் ஆனவை. அவற்றில் ஒரு சங்கிலி மூன்றுக்கும் பொதுவானது. அந்தப் பொதுச் சங்கிலியைப் பற்றும் எதிர்ப்பொருளை இட்டால் மூன்று வகைச் செல்களும் ஒன்றாக ஒளிரும். அதுபோலவே ஏ.சி.டி.எச். மாலையின் முதல் 13 மணிகளின் வரிசையும், தோல் நிறத்தோடு தொடர்புடைய எம்.எஸ்.எச். என்ற பெப்டைடின் வரிசையும் ஒன்றே. இரண்டும் ஒரே பெரிய தாய்ப்புரதத்தை வெட்டுவதால் கிடைப்பவை. ஏ.சி.டி.எச். மாலையின் முன்பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருள், எம்.எஸ்.எச். உள்ள செல்லையும் காட்டிவிடலாம்.

இந்தத் தவறைப் பிடிக்க ஒரு சிறந்த சோதனை உண்டு. எதிர்ப்பொருளை ஸ்லைடில் இடுவதற்குமுன், அதற்குரிய தூய ஹார்மோனுடன் கலந்துவிடுவார்கள். சாவிகள் எல்லாம் பூட்டுகளில் மாட்டிக்கொண்டபடியால் ஸ்லைடில் ஒளி தோன்றக்கூடாது. அப்படிக் கலந்த பின்னும் செல் ஒளிர்ந்தால், முன்பு கண்ட ஒளி பொய்ச்சாட்சி. ஆயினும் இந்தச் சோதனையும் தனியே போதாது. ஏனெனில் உறவுள்ள பெப்டைடைப் பற்றும் எதிர்ப்பொருளும் இதில் அடங்கிப்போகும். எனவே ஹார்மோனின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றும் இரண்டு எதிர்ப்பொருள்களைத் தனித்தனியாக இட்டுப் பார்ப்பார்கள். இரண்டு சாட்சிகள் ஒரே செல்லைக் காட்டினால் நம்பிக்கை வலுப்படும்.

மூன்றாவது, ஒளி சொல்வது செல்லுக்குள் இருக்கும் சேமிப்பை மட்டுமே. அந்தச் செல் எவ்வளவு ஹார்மோனை வெளியே அனுப்புகிறது என்று அது சொல்லாது. கடையில் சரக்கு நிறைந்திருப்பதால் வியாபாரம் நடக்கிறது என்று சொல்ல முடியாது அல்லவா? சரக்கை வந்த வேகத்தில் அனுப்பிவிடும் செல் மங்கலாகத் தெரியலாம். ஆகவே ஸ்லைடுடன் நோயாளியின் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பொருள் இல்லாத இன்னொரு வழி

எதிர்ப்பொருளின் துணையின்றிச் செல்லின் சொந்தப் பொருளையே ஒளிரச் செய்யும் முறையும் உண்டு. 1962-ல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஃபால்க், ஹில்லார்ப் என்ற இருவரும் உறைய வைத்து உலர்த்திய திசுவை ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைத்து, நரம்புகளில் உள்ள நார்அட்ரினலின், டோபமின் முதலியவற்றை ஒளிரச் செய்தார்கள். பின்னர் 1970-களில் இந்த வழியில் சென்றவர்கள், மாலையின் தலைப்பில் டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம் உள்ள பெப்டைடுகளும் தகுந்த ஆவிகளில் ஒளிரும் என்று கண்டு, பிட்யூட்டரியின் செல்களையும் சோதித்தார்கள். ஆனால் மாலையின் முதல் மணி இன்னது என்பதையே இது சொல்லும். மாலையின் முழுப் பெயரைச் சொல்லாது. பெயரைச் சொல்ல எதிர்ப்பொருளே வேண்டியதாயிற்று.

நோயாளிக்கு இதனால் என்ன பயன்?

பிட்யூட்டரிக் கட்டிகளில் பெரும்பாலானவை உடலெங்கும் பரவும் புற்றுநோய் அல்ல. ஆனால் எந்தச் செல்லிலிருந்து உண்டானது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். புரொலாக்டின் கட்டியானால் பெரும்பாலும் மாத்திரையாலேயே சுருங்கிவிடும். வளர்ச்சி ஹார்மோன் கட்டியானால் கை, கால், தாடை பெரிதாகி, இருதயமும் பாதிக்கப்படும். ஏ.சி.டி.எச். கட்டியானால் குஷிங் விவரித்த நோய் உண்டாகும். மூக்கின் வழியே சென்று அதை அகற்றுவதே முதல் சிகிச்சை. அந்தக் கட்டி சில மில்லிமீட்டர் அளவே இருப்பதும், ஸ்கேனில் தெரியாமல் போவதும் உண்டு. அறுவை மருத்துவர் எடுத்த சிறு துணுக்கு உண்மையிலேயே அந்தக் கட்டிதானா என்பதைப் பதாலஜி மருத்துவரின் ஸ்லைடு உறுதிப்படுத்துகிறது.

இன்னும் ஒரு வகை உண்டு. கட்டி ஏ.சி.டி.எச். ஹார்மோனை உள்ளே வைத்திருக்கும். நோயாளியிடமோ குஷிங் நோயின் அடையாளம் எதுவும் இராது. இதை மௌனமான கட்டி என்கிறார்கள். வெளியே அமைதியாகத் தோன்றினாலும் அகற்றிய பின் மீண்டும் வளரும் அபாயம் இதற்கு அதிகம். எதிர்ப்பொருளால் சோதிக்காவிட்டால் இதை மற்றக் கட்டிகளோடு சேர்த்துவிடுவார்கள். நோயாளியைக் கூடுதல் கவனத்தோடு தொடர்ந்து பார்க்கவேண்டும் என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் பிட்யூட்டரிக் கட்டிகளுக்கு ஒளிரும் சாயத்துக்குப் பதிலாகப் பழுப்பு நிறம் தரும் நொதியை எதிர்ப்பொருளில் இணைக்கிறார்கள். அது மங்காது, சாதாரண நுண்நோக்கியிலேயே பார்க்கலாம். ஆனால் அடிப்படை எண்ணம் கூன்ஸ் கண்டதே. உலக சுகாதார நிறுவனம் 2017-லும் 2022-லும் வெளியிட்ட வகைப்பாடுகளில், ஹார்மோன்களுடன், செல்லின் தன்மையைத் தீர்மானிக்கும் உட்கருப் புரதங்களையும் இதே வழியில் சோதிக்கும்படி சொல்லப்பட்டுள்ளது. ஒளிர்வு முறையோ ஆராய்ச்சியிலும், சிறுநீரக, தோல் நோய்ச் சோதனைகளிலும் தொடர்ந்து பயன்படுகிறது. ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்தைச் சுண்டெலியின் வளர்ச்சி ஹார்மோன் செல்களுக்குள் அமைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அந்தச் செல்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கவில்லை, சுரப்பி முழுவதும் கைகோத்த வலைபோல் இணைந்திருக்கின்றன என்று 2005-ல் காட்டினார்கள்.

ருமாட்டிக் காய்ச்சலைப் பற்றி ஒருவர் யோசித்த யோசனை, வேறொருவர் விட்டுச்சென்ற கேள்விக்கு விடையாயிற்று. குஷிங் அதைக் காண உயிரோடு இல்லை. ஆனால் இன்று முகம் வீங்கி, எலும்பு தேய்ந்து மருத்துவரிடம் வரும் ஒரு பெண்ணின் கட்டிக்குச் சரியான பெயரைச் சொல்ல முடிகிறது. சரியான பெயர் கிடைத்தால்தான் சரியான சிகிச்சையும் கிடைக்கும். அந்தப் பெயரை எழுதும் முன், தாம் கண்ட ஒளி உண்மையானதா என்று இரண்டாம் முறை சோதித்துப் பார்த்த ஆய்வுக்கூட ஊழியரை அந்தப் பெண் ஒருபோதும் சந்திப்பதில்லை. ஆனாலும் அவருடைய உண்மையும் பொறுமையும் அவளுடைய சுகத்துக்கு மிகவும் அவசியமானவை.